மூன்று விரல் இடைவெளி

ஒரு டபுள் கெப் வாகனத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முன்னால் ஆட்கள் இருக்கும் கெபின். பின்னால் சாமான் ஏற்றும் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை மூன்று விரல் நுழையக்கூடிய ஒரு இடைவெளி இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது ஒரு குப்பைத்தொட்டி. மாங்கொட்டை, ரொபித் தாள், உடைந்த பென்சில் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவேன். அப்பாவுக்கோ அது ஒரு தலையிடி. வயலுக்குப் போய்வந்தால் உமியும் செம்மண்ணும் அதற்குள் போய் அப்பிக்கொள்ளும். கையும் போகாது, துணியும் போகாது. வாகனம் கழுவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "உந்த யப்பான்காரனுக்கு இவ்வளவு செய்யத் தெரியுது, இதை மூடத் தெரியேல்லையோ?" என்று கேட்பார்.

2022இல் அப்பா அதை மூடினார். அதனால் எங்களுக்கு என்ன நடந்தது என்பதையும், அந்த இடைவெளி ஏன் இருக்கிறது என்று நான் எவ்வளவு தாமதமாக விளங்கிக்கொண்டேன் என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் படிப்பது சிவில் பொறியியல். வளை, தூண், கொங்கிறீற் எங்கள் பாடம். வாகனம் எங்கள் பாடம் அல்ல. ஆனாலும் பிழையாக எழுதக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் வாசித்து, நிறைய நேரம் வாகனத்துக்குக் கீழே படுத்திருந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஹைலக்ஸ்

எங்கள் வாகனம் 1990களில் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், ரேர்போ இல்லை. ஒருகாலத்தில் வெள்ளை நிறம். யுத்தம் முடிந்தபிறகு, 2012இல், அம்மாவின் காப்பை விற்று, மாமாவிடம் கடன் வாங்கி அப்பா அதை வாங்கினார். கிளிநொச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்ச வயல் இருக்கிறது. எங்கள் நெல்லும் அயலவர்களின் நெல்லும் அதில்தான் வீடு வரும். மற்ற நாட்களில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் கூலிக்கு ஓடும். நான் படித்த ரியூசன் காசெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்ததுதான்.

அந்த வாகனத்தில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. மழைக்காலத்தில் வயல் ஒழுங்கைக்குள் இறங்குவதற்கு முன் அப்பா வாகனத்தை நிறுத்துவார். நான் குதித்து இறங்கி, முன்சில்லு இரண்டின் நடுவிலும் உள்ள குமிழைப் பூட்டு என்ற பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் முன்சில்லுகள் எஞ்சினோடு இணையும். பிறகு அப்பா சின்ன கியர்த் தடியை இழுத்து நான்கு சில்லுக்கும் இழுவையைக் கொடுப்பார். இன்னும் ஒரு படி இழுத்தால் வாகனம் நடை வேகத்துக்கு இறங்கி மாடு மாதிரி இழுக்கும். தார் றோட்டில் ஏறியதும் திரும்பவும் இறங்கி விடுவிக்க வேண்டும். சேற்றில் சில்லுகள் கொஞ்சம் சறுக்கிக்கொடுக்கும்; காய்ந்த தாரில் சறுக்காது. திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் ஓடும் தூரம் வேறு வேறு. அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் பல்லுச்சக்கரங்கள்தான் முறுகும். "விட்டுக்குடுக்க இடம் இருக்க வேணும் பிள்ளை" என்று அப்பா அன்றைக்கே சொல்லித்தந்தார். அதே பாடத்தை நாங்கள் இருவரும் பிறகு மறந்துபோனோம் என்பதுதான் வேடிக்கை!

ஒரு தொன்னின் கதை

ஹைலக்ஸ் முதன்முதலில் 1968இல் ஜப்பானில் வந்தது. வடிவமைத்துச் செய்தது லொறி செய்யும் ஹினோ நிறுவனம். உயர்வு, சொகுசு என்ற பொருள் வரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி வைத்த பெயர் அது. பெயரில் இருந்த சொகுசு அந்தக் காலத்து வாகனத்தில் இருக்கவில்லை. ஒரு தொன் சுமக்கும் கெட்டித்தனம் இருந்தது. நான்கு சில்லு இழுவை 1979இல் சேர்ந்தது. 2004இல் தாய்லாந்தை மையமாக வைத்து வந்த ஏழாவது தலைமுறையில் ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர், இன்னோவா மூன்றும் ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்தன. ஆகவே கல்யாண வீட்டுக்கு வரும் இன்னோவாவும் நெல் மூட்டை ஏற்றும் ஹைலக்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

இந்த அளவு வாகனங்களை நடுத்தர பிக்கப் என்கிறார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவில் வந்தது. 1987ஆம் ஆண்டு மொடலாக டொட்ஜ் நிறுவனம் கொண்டுவந்த டகோட்டாவைத்தான் முதல் நடுத்தர பிக்கப் என்று விளம்பரம் செய்தார்கள். அங்கே ஃபோர்ட் எஃப்-150இன் நான்கு கதவு வாகனம் 5.9 மீற்றர் அளவுக்கு நீளும். அதன் பக்கத்தில் நின்றால் 5.3 மீற்றர் நீள ஹைலக்ஸ் நடுத்தரம்தான். எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் அதுவே யானை. எதிரே ஒரு லான்ட்மாஸ்டர் வந்தால் யாரோ ஒருவர் வேலியோடு ஒட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் கெப் என்றால் ஒரு மரியாதையும் உண்டு, ஒரு பயமும் உண்டு. அரச அதிகாரி வருவதும் அதில்தான், தொண்டு நிறுவனக்காரர் வருவதும் அதில்தான். ஆனால் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு அது உழைக்கிற பிராணி. அது நின்றால் அடுப்பு நிற்கும்.

ஏணியும் றப்பரும்

கார் ஒன்றில் கூரை, கதவுச்சட்டம், தரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக நின்று பாரத்தைத் தாங்கும். முட்டைக் கோது மாதிரி. பிக்கப் அப்படி அல்ல. கீழே இரண்டு நீண்ட இரும்பு வளைகள். அவற்றுக்குக் குறுக்கே சில சட்டங்கள். கிடத்தி வைத்த ஏணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் செசி என்கிறோம். எஞ்சின், அச்சுகள், வில்லுகள் எல்லாம் இந்த ஏணியில்தான் தொங்குகின்றன. கெபின் தடித்த றப்பர்களின் மேல் தனியாக இருக்கிறது. பெட்டி அதற்குப் பின்னால் வேறாகப் பூட்டப்பட்டிருக்கிறது. சில போல்ட்டுகளைக் கழற்றினால் பெட்டியை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம்.

இப்போது ஒரு வரம்பைக் குறுக்காகக் கடப்பதாக வையுங்கள். முன் இடது சில்லு மேலே. அதே நேரம் பின் வலது சில்லு மேலே. ஏணியின் முன்பக்கத்தை ஒருவர் வலப்பக்கமும் பின்பக்கத்தை இன்னொருவர் இடப்பக்கமும் திருகுவது போன்ற நிலை. ஏணி முறுகும். முறுகத்தான் வேண்டும், அப்போதுதான் நான்கு சில்லும் நிலத்தைத் தொடும், சுமையும் நாலு பக்கமும் பங்கு போகும். ஏணி முறுகும்போது கெபின் ஒரு பக்கம் சரியும், பெட்டி மறுபக்கம் சரியும். இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டாமல் அசைவதற்கு இடம் வேண்டாமா? அதுதான் அந்த மூன்று விரல். யப்பான்காரன் மூட மறந்தது அல்ல, வேண்டுமென்றே விட்டது.

எங்கள் பாடத்திலும் இது இருக்கிறது. நீண்ட பாலத்தின் தளத்தை ஒரே துண்டாக வார்க்க மாட்டார்கள். வெயிலில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடைவெளி விடுவார்கள். பரீட்சையில் இதற்கு விடை எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். வீட்டு வாசலில் நின்ற வாகனத்தில் அதையே பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை!

வில்லும் பிறேக்கும்

வெறும் பெட்டியோடு கிரவல் றோட்டில் போனால் எங்கள் ஹைலக்ஸ் முதுகை உடைக்கும். அதே றோட்டில் பத்து மூட்டையோடு போனால் தொட்டில் மாதிரி போகும். காரணம் பின் அச்சின் மேலுள்ள தகட்டு வில்லுகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுத் தகடுகள். கீழே கிடக்கும் தடித்த தகடு சுமை ஏறிய பிறகுதான் மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்யும். இந்த ஒரே பொருள் மூன்று வேலை பார்க்கிறது: பாரம் தாங்குகிறது, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது, அச்சு திருகாமலும் பார்க்கிறது. மலிவு, கெட்டி, ஊர்க் கராஜிலேயே திருத்தலாம். சொகுசு கொடுக்கும் சுருள் வில்லுகள் எவ்வளவோ வந்த பிறகும் பாரம் சுமக்கும் பிக்கப்களின் பின்பக்கத்தில் தகட்டு வில்லு நிலைத்து நிற்பது இதனால்தான்.

அடுத்தது நான் அறிந்து வியந்த விடயம். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய தடி மேலே போய், செசியில் உள்ள ஒரு சின்ன வால்வைத் தொடும். பெட்டியில் சுமை ஏறினால் செசி கீழே இறங்கும், தடி அசையும், வால்வு திறந்து பின்சில்லுகளின் பிறேக்குக்குக் கூடிய அழுத்தம் விடும். வெறும் பெட்டி என்றால் செசி மேலே நிற்கும். வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். பாரம் இல்லாத பின்சில்லு பிறேக்கில் இறுகிப்போனால் வாகனம் சுழன்றுவிடும் அல்லவா, அதற்காக. கணினி இல்லை, மின்சாரம் இல்லை. வாகனம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு சுமை என்று ஒரு தடி கண்டுபிடிக்கிறது!

டபுள் கெப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒற்றைக் கெபின் வாகனத்தின் பெட்டி ஏறக்குறைய இரண்டேகால் மீற்றர் நீளம். அதில் கணிசமான பகுதி பின் அச்சுக்கு முன்னால் வரும். பின் ஆசனமும் இரண்டு கதவும் சேர்த்தால் அந்த இடத்தைப் பெட்டிதான் கொடுக்க வேண்டும். பெட்டி ஒன்றரை மீற்றராகக் குறுகிப் பின்னால் போகிறது. சுமையின் பெரும்பங்கு அச்சுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் வருகிறது. பின்னால் அழுத்தினால் முன்னால் எழும்பும், சீசோ மாதிரி. முன்சில்லின் பிடி குறையும். செசிக்கோ கெபினுக்குப் பின்னே, பின் அச்சுக்கு முன்னே உள்ள பகுதியில் வளைவு விசை கூடும்.

அதோடு ஒரு தொன் என்பது பெட்டிக்கு மட்டும் உரிய கணக்கல்ல. கெபினில் இருக்கும் ஆட்களும் அதற்குள்தான். 65 கிலோப்படி ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ போய்விட்டது. மிச்சம் 675 கிலோ. அதாவது 60 கிலோ மூட்டை பதினொன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரையும் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை, எங்கள் வீடு உட்பட.

2022

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. எங்கள் ஹைலக்ஸை வாங்கிய விலையைவிடப் பல மடங்கு தர ஆட்கள் வந்தார்கள். ஆனால் விற்றுவிட்டு எதை வாங்குவது? பிறகு 2022 வந்தது. டீசல் வரிசையில் அப்பா வாகனத்துக்குள்ளேயே இரவு படுத்தார். அந்த யூலையில் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். இரண்டு தரம் போகும் டீசல் இல்லை. நெல்லோ வயலில் நிற்கிறது.

ஆகவே அப்பா எல்லாரும் செய்ததைச் செய்தார். ஒரு கராஜில் கொடுத்து, பின் வில்லுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு தகடு கூடப் போடுவித்தார். 25 மூட்டை, ஒன்றரைத் தொன், ஏற்றியும் பின்பக்கம் தாழவில்லை. அப்பாவுக்குப் பெருமை! மூட்டையை உயரமாக அடுக்குவதற்குக் கெபின் கூரையிலிருந்து பெட்டியின் பின்பக்கம் வரை ஒரே இரும்புச் சட்டம் அடிப்பித்தார். அதற்கு உறுதியாக, கெபினையும் பெட்டியையும் சேர்த்து ஒரு தகட்டை வைத்து இடைவெளியையும் மூடிவிட்டார். "இனி உமி போகாது" என்றார் அம்மாவிடம்.

நான் அப்போது முதலாம் வருடம். படங்கு கட்ட வசதியாக இருக்கிறது என்று நானும் பாராட்டினேன். யாராவது கேட்டால் அப்பா ஒரு கதை சொல்வார். பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சியில் 2003இல் ஒரு பழைய டீசல் ஹைலக்ஸைக் கடல் அலைக்குள் விட்டு, தீ வைத்து, கடைசியில் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். உதிரிப்பாகம் எதுவும் மாற்றாமல் திருத்தினார்கள். அது திரும்பவும் ஸ்ராட் ஆனது. நான்தான் அதை அப்பாவுக்குக் கைத்தொலைபேசியில் காட்டினேன். "மாடியிலயிருந்து விழுந்ததே ஓடுது, இது நெல் மூட்டை" என்பார்.

அந்தக் கதை உண்மைதான். ஆனால் ஒருதரம் விழுவது வேறு, தினமும் வளைவது வேறு. கட்டுக்கம்பியை இழுத்து அறுக்க யாராலும் முடியாது. அதையே முன்னும் பின்னும் இருபது தரம் வளைத்தால் சின்னப்பிள்ளையும் முறித்துவிடும். உலோகம் களைக்கிறது. அது மூன்றாம் வருடப் பாடம். நாங்கள் அதை முதலாம் வருடத்திலேயே வீட்டில் செய்முறையாகச் செய்துகொண்டிருந்தோம்.

பளையில் ஒரு பின்னேரம்

2024 பங்குனி. காலபோக நெல் ஏற்றிக்கொண்டு ஏ9 றோட்டில் யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தோம். விடுமுறை என்பதால் நானும் முன் ஆசனத்தில் இருந்தேன். ஆனையிறவு தாண்டிப் பளைக்குக் கிட்ட, ஒழுங்கையிலிருந்து ஒரு ஐயா சைக்கிளோடு றோட்டுக்கு ஏறினார். தூரம் இருந்தது. அப்பா வேகமாகவும் ஓடவில்லை. பிறேக்கை மிதித்தார்.

வாகனம் நிற்கவில்லை. முன்சில்லுகள் இறுகிச் சத்தமிட்டன. அப்பா ஸ்ரேறிங்கைத் திருப்பினார். வாகனம் திரும்பாமல் நேரே போனது. ஐயா சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்தார். நாங்கள் நின்றபோது சைக்கிளின் முன்சில்லு எங்கள் வாகனத்துக்குக் கீழே இருந்தது.

ஐயாவுக்கு முழங்கை உரசலோடு போய்விட்டது. அவர் எங்களைப் பேசவேயில்லை. றோட்டோரத்தில் குந்தியிருந்து, "தண்ணி இருக்கோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். போத்தலைக் கொடுத்த என் கை நடுங்கியது. அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டி, சைக்கிளுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். வீடு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

அப்பா பிறேக் ஒயிலைப் பார்த்தார், குறைவில்லை. பிறேக் கட்டை புதிது. பிறகு என்ன? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தத் தடியைப் பற்றி எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது. விடிய எழும்பி, சாக்கொன்றை விரித்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு வாகனத்துக்குக் கீழே போனேன். மூட்டைகள் இன்னும் இறக்கப்படவில்லை. ஒன்றரைத் தொன் மேலே இருக்கிறது. ஆனால் வாகனத்தின் பின்பக்கம் பாதிச்சுமைக்குத் தாழ வேண்டிய அளவுக்குக்கூடத் தாழவில்லை, கூடப் போட்ட நான்கு தகடும் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. பாவம், அந்தத் தடிக்கு என்ன தெரியும்? வாகனம் தாழவில்லை, ஆகவே சுமை இல்லை என்றுதான் அது சொன்னது. பின்சில்லுகள் நெல்லின் பாரத்தோடு நல்ல பிடியில் நின்றும் அவற்றுக்குப் பிறேக் போதிய அளவு போகவில்லை. முழு வேலையும் ஏற்கனவே பிடி குறைந்த முன்சில்லுகளில் விழுந்தது. அவை இறுகிப்போயின. இறுகிய சில்லு திரும்பாது.

எங்களுக்குப் பெருமையாகத் தெரிந்த அந்த நிமிர்ந்த பின்பக்கம்தான் எங்கள் பிறேக்குக்குப் பொய் சொன்னது.

அதோடு முடியவில்லை. கெபினுக்குச் சற்றுப் பின்னே வலது வளையில் ஒரு துவாரத்தின் ஓரத்திலிருந்து கறள் ஒரு கோடாக வடிந்திருந்தது. விரலால் துடைத்தேன். கோடு போகவில்லை.

"அப்பா, இதை ஒருக்கா வந்து பாருங்கோ."

"அது பழைய கீறல் பிள்ளை. வெளியில வா, ஒயில் பிரளப் போகுது."

"இல்லையப்பா. நகம் உள்ளுக்குப் போகுது."

அப்பாவும் குனிந்து என் பக்கத்தில் வந்து படுத்தார். தன் நகத்தை வைத்துப் பார்த்தார். கொஞ்சநேரம் இருவரும் மேலே பார்த்தபடி கிடந்தோம். கெபினின் பின் மூலையில், இடைவெளியை மூடிய தகடு ஒட்டிய இடத்தில், கூட்டுத்தகடு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருப்பதையும் அப்போதுதான் கண்டோம். ஒவ்வொரு வரம்பிலும் கெபின் ஒரு பக்கம் இழுக்க, பெட்டி மறுபக்கம் இழுக்க, கிழியாமல் என்ன செய்யும்?

அறுத்தது

இந்தமுறை வேறொரு கராஜுக்குப் போனோம். அங்கேயிருந்த அண்ணை வாகனத்தைச் சுற்றி ஒருதரம் வந்தார். சட்டத்தைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரும்பறுக்கும் மெசினை எடுத்துவந்து முதலில் இடைவெளியை மூடிய தகட்டைத்தான் அறுத்தார். கடைசி ஒட்டு விட்டதும் கெபின் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு தன் இடத்துக்கு வந்தது. இரண்டு வருடம் மூச்சைப் பிடித்திருந்தவர் விட்டமாதிரி எனக்கு இருந்தது.

செசி வெடிப்புக்கு அவர் வைத்த தகடு சதுரமாக இல்லை. இரண்டு முனையும் கூம்பி, சாய்சதுரம் மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டேன். "நேர வெட்டி ஒட்டினா அந்த ஒட்டிலயே அடுத்த வெடிப்பு வரும் தங்கச்சி" என்றார். திடீரென்று பலம் மாறும் இடத்தில் விசை குவியும் என்று எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் விரிவுரை நடந்தது. அண்ணை அதை ஒரு வரியில் முடித்தார். கூடுதல் வில்லுத்தகடு நான்கையும் கழற்றினார். பிறேக் தடியின் அளவைப் பழையபடி சரிசெய்தார். இரும்புச் சட்டத்தை இரண்டாக அறுத்து, கூரைக்கு ஒரு துண்டும் பெட்டிக்கு ஒரு துண்டுமாக, ஒன்றையொன்று தொடாமல் வைத்தார்.

"இனி எவ்வளவு ஏத்தலாம்?" என்று அப்பா கேட்டார்.

"செய்தவன் சொன்ன அளவு" என்றார் அண்ணை.

வீட்டில் அன்றிரவு அம்மா கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டா. ஒரு பயணத்துக்கு 25 மூட்டை இருந்த இடத்தில் இனிப் பன்னிரண்டு, பதின்மூன்று. இரண்டு தரம் ஓட வேண்டும். டீசல் இரண்டு மடங்கு, கூலி அதே. எனது விடுதிக் காசு எங்கே இடிக்கும் என்று கொப்பியைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அப்பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு தரம் போவம்" என்றார். அவ்வளவுதான். பளை ஐயாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இடைவெளி இல்லாத பிக்கப்

இடைவெளி இல்லாமல் ஒரு பிக்கப் செய்யவே முடியாதா என்று பிறகு தேடிப் பார்த்தேன். முடியும். ஹொண்டா நிறுவனம் 2005இல் வட அமெரிக்காவில் ரிட்ஜ்லைன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கெபினும் பெட்டியும் ஒரே உடல், கார் மாதிரி. பின்சில்லுகளுக்கும் தனித்தனித் தொங்கல். பெட்டியின் தரைக்குக் கீழே பூட்டக்கூடிய ஒரு சாமான் அறை. பின் பலகையைக் கீழேயும் இறக்கலாம், கதவு மாதிரிப் பக்கத்துக்கும் திறக்கலாம். சொகுசாக ஓடும் என்று பெயரெடுத்த வாகனம். கெபினும் பெட்டியும் ஒன்றாகவே நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, உடல் முழுவதையும் அதற்கேற்பக் கட்டினார்கள். அதனால் அது நிற்கிறது. ஆனால் எங்கள் வயல் வரம்பில் ஒரு தொன் நெல்லோடு தினமும் முறுகுவது அதற்கு விதித்த வேலையல்ல. இரண்டு வழியும் சரி. முறுகுவதற்கென்று செய்த ஒன்றை எடுத்து, அதன் மேல் முறுகாத ஒரு தகட்டை ஒட்டுவதுதான் பிழை. நாங்கள் செய்தது அதைத்தான்.

அப்பா மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டீசல் இல்லாத காலத்தில் குடும்பத்தை ஓட்ட அவர் எடுத்த முடிவு அது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். இன்றைக்கும் எங்கள் றோட்டில் இப்படி நிமிர்ந்த பின்பக்கத்தோடு போகும் கெப்கள் எத்தனை! அவற்றை ஓட்டுபவர்களில் ஒருவராவது இதை வாசித்துவிட்டு, ஒருதரம் கீழே குனிந்து பார்த்தால் போதும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்த விலையைப் பார்த்துவிட்டு அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். ஆகவே எங்கள் கிழட்டு ஹைலக்ஸ்தான் இன்னும் ஓட வேண்டும். பன்னிரண்டு மூட்டையோடு அது நன்றாகவே ஓடுகிறது.

போன மாதம் வயலுக்குப் போனபோது நான் வாகனத்தில் ஏறாமல் பக்கத்தில் நடந்து வந்தேன். வாய்க்கால் வரம்பில் ஏறும்போது அந்த இடைவெளியையே பார்த்தேன். மேல்பக்கம் இரண்டு விரலாக ஒடுங்கியது. மறுபக்கச் சில்லு ஏறியதும் நான்கு விரலாக விரிந்தது. தார் றோட்டுக்கு வந்ததும் திரும்பவும் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வாகனம் கழுவினார். ஈர்க்குக் கட்டொன்றை அந்த இடைவெளிக்குள் விட்டு உமியைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். யப்பான்காரனை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பழைய மாங்கொட்டை விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.